யாகூப் கடை விதைப்பூண்டு

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஆக்ஸிலியாவின் சொல் அம்பலம் என்ன, ஊர்க்கூட்டத்தின் வாசல்கூட ஏறியதில்லை. கணவன் போன பிறகு பூண்டி மலையூரில் அரை ஏக்கர் படிக்கட்டு நிலத்தில் ஒண்டியாகப் பாடுபடுகிற அவளுக்குக் காது கொடுத்தது 'மேல்மலை விவசாயிகள்' என்ற வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். மலையின் கடைசி ஊரான கிளாவரை வரைக்கும் முந்நூறு பேர் அதில் இருந்தார்கள். நடத்துகிறவர் செந்தில்வேல்.

ஐப்பசி மழை விட்ட அன்று, கீழ்ப்பாத்திகளில் நட்ட பூண்டெல்லாம் அழுகிக் கிடந்தது. வயிறு எரிந்தது. சேற்றில் நின்றபடியே போனை வாயருகே வைத்துப் பேசி அனுப்பினாள்.

"பெருமாள்மலை யாகூப் பாய் கடை விதைய யாரும் வாங்காதீங்க. எனக்கு அம்புட்டும் அழுகிப் போச்சு."

மேல்பாத்திகளை ஏறிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும். பூண்டு போடுகிறவள் அப்படித்தான் செய்வாள். ஆனால் அதற்குள் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. போன வருஷமே சந்தேகப்பட்டேன் என்றார் ஒருவர். அவர் யாகூப் கடைப்பக்கமே போகாதவர். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று செந்தில்வேல் எழுதியதை நாலு தடவை வாசித்தாள். "அந்தாளுகளே அப்படித்தான்" என்று இன்னொருவர் எழுத, அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள். பதினெட்டு வருஷமாகப் பாயிடம் விதை வாங்குகிறவள் அவள். "பாயிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க" என்ற ஒரே ஒருவரைச் செந்தில்வேல் குழுவிலிருந்து நீக்கினார். நல்லது என்றுதான் அவளும் நினைத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மேலே ஏறினாள். அதே மூட்டை விதை அங்கே வரிசை பிசகாமல் முளைத்து நின்றது. கீழே இறங்கி வடிகாலைத் தோண்டிப் பார்த்தாள். சரிந்த கல் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. மழைக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய்யாதவள் அவள்தான். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் மறுபடியும் அவள் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு குழுவில் சொல்லிவிட்டாள்.

"விதையில குத்தமில்ல. வடிகால் அடைச்சுக் கெடந்துச்சு. தப்பு என்னோடது."

ஒரு கும்பிடுகூட வரவில்லை. "பாய் மெரட்டுனாரா?" என்று ஒருவர் கேட்டார். சாயங்காலத்துக்குள் அவளையும் நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்துப் பெருமாள்மலை போனாள். யாகூப் கடை மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அலமாரிகள் காலி.

"சொந்த ஊரு பழனிக்கே போறேம்மா. இங்க யாவாரம் இல்ல."

"நான் பேசுனது தப்பு பாய். வீடு வீடாப் போயிச் சொல்றேன்."

"சொல்லும்மா." அவர் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "நீ வயித்தெரிச்சல்ல பேசிட்ட. மனுச புத்தி. ஆனா அந்தக் குழுவுல முக்காவாசிப் பேருட்ட என் நம்பர் இருக்கு. ஒருத்தரும் போனப் போட்டு, என்ன பாய் இப்படின்னு கேக்கலையே."

முடிச்சைப் போட்டுவிட்டு, "நீயும் கேக்கலையேம்மா" என்றார்.

ஆக்ஸிலியா குனிந்து அடுத்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் பிடித்தார். இருவருமாகத் தூக்கி வேனில் வைத்தார்கள்.