ஓனரம்மா வீட்டுப் பூனை

இன்று மதியம் ஆந்திராவில், ஏர்பேட்டில் எங்கள் தெருக் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து, உப்பிப்போன மீன் டின்களைப் பறிமுதல் செய்தார்கள். கெட்ட சரக்கை அனுப்பிய டீலர் எங்கேயோ சுகமாக இருக்கிறான். கேஸ் போட்டது என்னவோ கடை நடத்தும் செல்வி அக்கா மேல்.

ஜீப் கிளம்பியதும் அக்கா செருப்புகூடப் போடாமல் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். நேற்று அதே பெட்டியிலிருந்து நான் ஒரு டின் வாங்கியிருந்தேன்.

வாசலில் ஓனரம்மா. மீன் வாசனை வந்தால் அன்றைக்கே ரூமைக் காலி செய்யணும் என்பது அவர் கண்டிஷன். கம்பெனி வேலைக்கு வந்த எங்களுக்கு இப்படித்தான் வீடு கிடைக்கிறது. அதனால்தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டின் மீன் தின்கிறோம்.

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நேத்து வாங்கிக்கினு போனியே, அந்த பிஸ்கட்டு... துன்னுட்டியா? கெட்டுப்போச்சுடா."

"இன்னும் பிரிக்கல அக்கா."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் டின்னைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

ஓனரம்மா துண்டை உற்றுப் பார்த்துவிட்டு விருட்டென்று உள்ளே போனார். மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையிலும் அதே டின்.

"மா பில்லி கோசம்," என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். அவர் வீட்டுப் பூனைக்காம்.

அக்கா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பூனை துன்னலையேம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல செல்வி."

ஒரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். பூனையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.