ஆற்றைக் கூட்டும் ஈஸ்வரி

ஈஸ்வரி ஆற்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். பூதலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில், கிழக்கு வெளுக்கும் முன்பே, கையில் விளக்குமாறோடு ஈர மணலில் பின்பக்கமாக நடந்தபடி கூட்டுகிறாள். தன் கால்தடம்கூட மிஞ்சக் கூடாதாம். பார்ப்பவர்களுக்கு இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சந்தேகம். ஈஸ்வரிக்கோ ஊர் முழுக்கச் சந்தேகம்.

கூட்டுவது நீர்நாய்த் தடங்களை. இரவில் அவை மீன் பிடித்துத் தின்றுவிட்டு, இவள் தோட்டத்தை ஒட்டிய மணலில் புரண்டுவிட்டுப் போகும். தோட்டம் என்றால் படுகையில் போட்ட கத்திரிதான். பட்டா கிடையாது, புறம்போக்கு. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்த மண்தான். "நீர்நாயி இருக்குன்னு எழுதிட்டா சரணாலயம்பாங்க. அப்புறம் நம்மளத்தான் வெரட்டுவாங்க" என்பது அவள் கணக்கு. அந்தப் பயத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீர்நாய்களை ஆராயும் அனுராதா, ஊர்க்காரர்களுக்கே அவற்றைக் காக்கும் பயிற்சி கொடுக்க வந்தபோது முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் ஈஸ்வரி. "உள்ள இருந்தாத்தானே என்ன பேசுறாங்கன்னு தெரியும்." இலவசத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். அனுராதா ஒரு வாய் குடித்த பிறகுதான் டீயைத் தொடுவாள். நீர்நாய் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு, "நாயி தெரியும்ங்க. இது எந்தத் தெரு நாயிங்க?" என்றாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அனுராதா ஒரு வேலை சொல்லிக்கொடுத்தாள்: கரை மணலைக் கூட்டிச் சமன் செய்துவிட்டால், இரவில் வரும் விலங்கின் தடம் தெளிவாக விழும். சொல்லிக்கொண்டே ஈஸ்வரியின் கரைக்கு வந்தவள் அசந்துபோனாள்.

"எல்லாரும் இங்க பாருங்க! நான் சொல்லித்தர்றதுக்கு முன்னாடியே அக்கா மணலை ரெடி பண்ணி வச்சிருக்காங்க!"

கைதட்டினார்கள். ஈஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. மறைப்பதாக நினைத்து, இத்தனை நாளும் தடம் பதிய விரிப்பு விரித்துக் கொடுத்திருக்கிறாள்! அனுராதா அதோடு விடவில்லை, இன்று காலை வகுப்பே இந்தக் கரையில்தான். "தெரிஞ்சேதான் மாட்டிவிடுறா. சிரிச்ச மூஞ்சிய நம்பவே கூடாது" என்று கத்திரிச் செடியிடம் முணுமுணுத்தாள்.

அதனால்தான் இன்று இவ்வளவு சீக்கிரம். பெரிய தடங்களை ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டு வந்தவளின் விளக்குமாறு ஓரிடத்தில் நின்றது. அவற்றின் பக்கத்திலேயே, நெல்லிக்காய் அளவில், குட்டிக் குட்டித் தடங்கள். அம்மா நேராகப் போயிருக்கிறது. குட்டிகள் தடுமாறி, விழுந்து, பின்னாலேயே ஓடியிருக்கின்றன.

"அடியே, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வர இந்த நாளுதான் கெடச்சுதா ஒனக்கு?"

தாயின் தடத்தைக் கூட்டித் தள்ளினாள். குட்டிகளுடையதை அழிக்க மனம் வரவில்லை. விளக்குமாற்றை இரண்டு முறை ஓங்கி, இரண்டு முறையும் இறக்கிவிட்டாள். அதற்குள் கரைமேல் பேச்சுக்குரல்கள்.

கத்திரிக்காய் பறிக்கிற அன்னக்கூடையை அந்தத் தடங்கள்மேல் மெல்லக் கவிழ்த்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"என்னக்கா, ராத்திரி ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டபடி இறங்கி வந்தாள் அனுராதா.

"ஒண்ணும் வரலீங்க" என்ற ஈஸ்வரி, முந்தானையை இழுத்துக் கூடையின் விளிம்பையும் மூடிக்கொண்டாள்.