ரிவர்ஸ் எடுக்காத புல்டோசர்

இந்த ராத்திரி நேரத்தில் நம் மெக்கானிக் குழுவில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

சேத்தியாத்தோப்பில் ஏரிக்கரை வேலையில் புல்டோசர் ஓட்டும் என் கணவர் சாயங்காலம் போன் செய்தார்.

"வண்டி ரிவர்ஸ் எடுக்கல. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். ராத்திரிக்குச் சிதம்பரம் வந்துடுறேன்."

இருபது நாள் கழித்து இன்றுதான் வீட்டுக்கு வருகிறார். நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த மெக்கானிக்கல் இன்ஜினியரிங் விடவில்லை.

"டிரான்ஸ்மிஷன் ஆயில் பாத்தீங்களா மாமா?"

"இன்ஜின நிறுத்திட்டுப் பாத்தேன். ஃபுல்லா இருக்கு."

"லாரிக்குத்தான் அப்படி. இதுல இன்ஜின் ஓடும்போதே பாக்கணும்."

பார்த்தார், குறைவாக இருந்தது. ஊற்றினார், ரிவர்ஸ் எடுத்தது.

"கெட்டிக்காரிடி நீ. வேலை ஜாஸ்தியா கெடக்குது, அடுத்த வாரம் வரேன்."

குறைந்த ஆயில் எங்கே போயிருக்கும்? கசிவு என்றால் வண்டியை நிறுத்திவிட்டு வரச் சொல்வேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.