அவசரப்பட்ட சாட்சி

கிருபை டீச்சர் பூரண சுகம் பெற்றுவிட்டதாக அவருடைய கணவர் தேவபிரசாதம் ஆலயத்தில் சாட்சி சொன்னபோது, டீச்சருக்கு ஆறு தவணை மருந்தில் நான்குதான் முடிந்திருந்தது. சினைப்பையில் இருந்த புற்றுக்கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று திருநெல்வேலி மருத்துவர் அந்த வாரம் சொல்லியிருந்தார். தேவபிரசாதத்துக்கு அது போதும். அன்றைக்கு அசனப் பண்டிகை. வெளியே அண்டாக்களில் சபைக்கே சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வெந்துகொண்டிருக்க, அவர் கண்ணீரோடு பேசினார். கேட்டவர்களும் அழுதார்கள். டீச்சர் வீட்டில் படுத்திருந்தார். வாழ்த்துச் சொல்லத் தூக்குச்சட்டியில் குழம்போடு பத்துப் பேர் வந்தார்கள். அந்த வாசனையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான், தான் குணமாகிவிட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது.

டீச்சர் நாசரேத்தில் பிறந்தவர். தூத்துக்குடியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் இருபத்துமூன்று வருடமாக வேதியியல் நடத்துகிறார். பிள்ளைகளைத் திட்டமாட்டார், கேலிதான் செய்வார். ஆய்வகத்தில் சோதனையைச் செய்யாமலே உப்பின் பெயரை எழுதி வருகிறவர்களிடம், "உப்பு உன் கனவுல வந்து பேரச் சொல்லிச்சோ?" என்பார். அன்று கணவரிடமும் அதையே கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

தனக்கு ஏற்றும் மருந்தில் பிளாட்டினம் இருப்பது டீச்சருக்கு வேடிக்கையாக இருந்தது. "கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு கிராம் தங்கம் வாங்கித் தராத மனுசன், இப்ப பிளாட்டினத்தையே ரத்தத்துல ஏத்துதாரு, ஏளா" என்று சக ஆசிரியை இந்துமதியிடம் சொன்னார். இந்துமதி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டார்.

ஆறு தவணையும் அறுவை சிகிச்சையும் முடிந்தன. முடி வளர்ந்தது. டீச்சர் பள்ளிக்குப் போனார். எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஈரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. இனிமேல் கொடுப்பது குணமாக்கும் மருந்தல்ல, தள்ளிப்போடும் மருந்து என்றார். மார்ச் மாதப் பொதுத்தேர்வு வரைக்கும் தள்ளுமா என்று மட்டும் டீச்சர் கேட்டார். பார்க்கலாம் என்றார் அவர்.

திரும்பி வரும் பஸ்ஸில், வல்லநாடு தாண்டியதும் தேவபிரசாதம் பேசினார். யாருக்கும் சொல்ல வேண்டாம், சாத்தான்குளத்தில் தங்கை வீட்டில் தங்கி மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். "நான் கர்த்தர் பேரச் சொல்லிச் சாட்சி சொல்லிருக்கேன். அது பொய்யாச்சுன்னா அவமானம் எனக்கில்ல, அவருக்கு."

அவர் கெட்டவர் அல்ல. துறைமுகச் சாலையில் படகுகளுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிறார். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் மனைவியின் மரத்துப்போன பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். அதனாலேயே டீச்சரால் அவரை மறுத்துப் பேச முடியவில்லை. சாத்தான்குளம் போகவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. பள்ளிக்கு மூட்டுவலி என்று எழுதிக்கொடுத்து விடுப்பு எடுத்தார். முடி மறுபடியும் கொட்டியது. ஆலயத்தில் முக்காட்டுக்குள் யாருக்கும் அது தெரியவில்லை. சுகம் பெற்றவர் என்பதால் விசாரிக்க யாரும் வரவில்லை.

இரண்டாவது தவணைக்குப் பிறகு ஈறில் ரத்தம் கசிந்தது. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தில் பிளேட்லெட் பதினாலாயிரத்துக்கு இறங்கியிருந்தது. ரத்த வங்கியில் இருந்த ஒரே பையைக் கொடுத்தார்கள். அது ஐந்து நாளுக்கு மேல் தாங்காத பொருள், சேர்த்துவைக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு இரண்டு ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார்கள்.

தேவபிரசாதம் சபைக்காரர் யாரையும் கேட்கவில்லை. கடைக்குக் கயிறு வாங்க வரும் படகுக்காரர் இனிகோவைக் கூட்டிப்போனார். முந்தின நாள் குடித்ததை இனிகோ மறைக்காமல் படிவத்தில் சொல்லிவிட்டார், திருப்பி அனுப்பினார்கள். கடையில் மூட்டை இறக்குகிறவருக்கு எடை போதவில்லை. பிளேட்லெட் ஏறாததால் அடுத்த தவணை மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு வாரம். சபையில் கொடுக்கத் தகுந்தவர்கள் அறுபது பேராவது இருப்பார்கள்.

"நீங்க கேக்கீங்களா, நான் கேக்கட்டா?" என்றார் டீச்சர்.

"கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்கல்லா."

"நான் செத்தா மட்டும் கேக்கமாட்டாங்களோ? சுகமாகித்தான் செத்தாள்னு சொல்லுவீங்களா?"

தேவபிரசாதம் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி வேளையில் டீச்சர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்ல. அவசரப்பட்டுட்டாரு. கட்டி சுருங்குனது நெசம். இப்ப ஈரலுக்கு வந்துருக்கு, அதுவும் நெசம். எனக்கு பிளேட்லெட் வேணும். அம்பது கிலோவுக்கு மேல இருக்கவங்க வாங்க. குடிக்கவங்க எங்கிட்டச் சொல்லாண்டாம், அங்கன மறைக்காமச் சொல்லுங்க."

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்து, சட்டென நிறுத்தினார். விசுவாசமில்லாமல் பேசுகிறாள் என்று பக்கத்து வரிசையில் செல்வராணி முணுமுணுத்தது டீச்சருக்கும் கேட்டது. அவர் உட்கார்ந்து, மூக்கில் கசிந்த ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து தேவபிரசாதம் ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து வெளியே போனார்.

வாசலில் ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒருவர் பின்வாங்கினார். செவ்வாய்க்கிழமை ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் பெனிஸ்டனும் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ஜெப்ஸியும் திருநெல்வேலிக்குப் போனார்கள். மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு பை, பிறகு இன்னொன்று. வெள்ளிக்கிழமை எண்ணிக்கை ஏறியிருந்தது. மருந்தைத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கணவனும் மனைவியும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து, குழாயில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வேம்பாரிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். அசனத்தன்று சாட்சியை நேரில் கேட்டுவிட்டுப் போனவர். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று வழக்கம்போல் விசாரித்தார்.

தேவபிரசாதம் எழுந்து வராந்தாவுக்குப் போகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"சொகமில்ல, அண்ணாச்சி" என்றார். "திரும்ப வந்துட்டு. மருந்து ஏறிக்கிட்டு இருக்கு." அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ ஆறுதல் சொன்னார்கள். அவர் கேட்டு முடித்தார். டீச்சர் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது சரி" என்றார் தேவபிரசாதம். "ஒங்க எடை என்ன இருக்கும், அண்ணாச்சி?"