துடைத்துக் கொடுத்த கடல்

நான் கடலுக்குள் ஒருநாளும் போனதில்லை. எங்கள் கரையில் பெண்கள் வள்ளம் ஏறுகிற வழக்கம் கிடையாது. மீன் விற்கலாம், ஏலத்தில் வாய்ச்சண்டை போடலாம், வலையில் சிக்கின நண்டைக் கழற்றிக் கை கிழியலாம். அலைக்கு அந்தப் பக்கம் ஆண்களின் ஊர். ஆனாலும் அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு ஜி.பி.எஸ். மிசின் வழியாக அதைப் பார்த்தேன்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து அந்த மிசின் வீட்டுக்கு வந்தது. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக எங்கள் வீடு. என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் ஒரே பைபர் வள்ளத்தில் தூண்டில் தொழிலுக்குப் போவார்கள். கொழுந்தனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு தூக்கம் எல்லாம் எங்களோடுதான். இரண்டு பேருக்கும் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். மிசினோ இங்கிலீஷ் எழுத்து தவிர வேறெதையும் ஏற்றுக்கொள்ளாத மகாராணி. மகள் அப்போது சின்னப் பிள்ளை, வீட்டில் பிளஸ் டூ வரை படித்தவள் நான் ஒருத்தி. அதனால் மகாராணிக்குத் தோழி வேலை எனக்குக் கிடைத்தது.

கடலுக்குள் மீன் அடைகிற இடங்கள் உண்டு. தண்ணீருக்கு அடியில் பாறை மேடாகக் கிடக்கும். அதைப் பார் என்போம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு நல்ல பார் கிடைத்துவிட்டால், மிசினில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த இடம் அட்சரேகை, தீர்க்கரேகை நம்பராக உள்ளே பதிந்துவிடும். மறுபடி அங்கே போக மிசினே வழி காட்டும். ஒரு வீட்டின் பார் இன்னொரு வீட்டுக்குத் தெரியக்கூடாது. பெண் பார்க்கப் போன இடத்தைச் சொன்னாலும் சொல்வார்கள், பார் கிடக்கிற இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து, மீன்குழம்பும் முடிந்து, ஊரே சாய்ந்து கிடக்கிற மத்தியானத்தில் மிசின் என் மடிக்கு வரும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுவேன். உப்பு காய்ந்து இடுக்கில் இறுகிவிட்டால் பொத்தான் அமுங்காது. பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து, பேட்டரியைக் கழற்றி அதன் முனையைத் துடைப்பேன். வெயிலில் வைக்கவிடமாட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் செய்கிறாள் என்று கொழுந்தன் கிண்டல் பண்ணுவான். இவரோ ஈரக்கையால் மிசினைத் தொடமாட்டார்.

காய்ந்தபின் திரையைத் திறந்தால் அந்த வாரம் வள்ளம் போன வழியெல்லாம் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். சாம்பல் பச்சைத் திரையில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு கோடு. நேராகப் போய், திடீரென்று வளைந்து, ஓரிடத்தில் சிக்கெடுக்காத நூல்போல் சுற்றிச் சுற்றிக் கிடக்கும். அங்கேதான் இவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் இங்கே அரிசி களைந்த நேரத்தில் அவர் இந்த வளைவில் இருந்திருப்பார் என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஜன்னல் வழியாகக் கடல் இரைவது கேட்கும். எது வெளியே இருக்கிற கடல், எது கையில் இருக்கிற கடல் என்று சில நேரம் மயக்கமாக இருக்கும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

நம்பர்களுக்குப் பெயர் போடுவதும் நான்தான். இந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்பேன். தண்ணீர் கை விறைக்கிற மாதிரி குளிரும் என்பார்கள். இங்கிலீஷ் எழுத்தில் ‘குளிர்’ என்று போடுவேன். தூண்டிலில் கட்டின ஈயக்கட்டி கீழே தட்டும்போது கொலுசு மாதிரி கேட்கும் என்று கொழுந்தன் சொன்ன இடத்துக்குக் ‘கொலுசு’. கடலுக்கு அடியில் ஈயம் தட்டுவது மேலே கேட்குமா என்று கேட்டால், கயிற்றைப் பிடித்திருக்கிற விரலுக்குக் கேட்கும் என்பான். ஒருநாள் அவன் தூண்டில் கயிற்றை விரலில் சுற்றியபடியே தூங்கிவிட்டான். வள்ளம் தன்பாட்டுக்கு ஒழுகிப்போய் எங்கேயோ நின்றிருக்கிறது. விரல் அறுபடுகிற மாதிரி ஒரு இழுப்பு. விழித்துப் பார்த்தால் வாசற்படி அகலத்துக்கு ஒரு கலவா மீன். அந்தப் பாருக்குத் ‘தூக்கம்’ என்று பெயர் போட்டேன். எங்களை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தது அந்தத் தூக்கம்தான். வீட்டுக்கு ஓடு போய்க் கான்கிரீட் வந்தது, கொழுந்தனுக்குப் பெண் வந்தது.

கரைக்கும் ஒரு புள்ளி போட்டிருந்தோம். சின்னதாக ஒரு வீட்டுப் படம், பெயரும் ‘வீடு’.

கொழுந்தன் கல்யாணம் முடிந்த சமயம் மிசினுக்குள் நீர் கோத்துத் திரை மங்கிப்போனது. இவர் அதைப் பையில் போட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே இருக்கிற பாரெல்லாம் உள்ளேயே இருந்தன. பூட்டில்லாத பெட்டியைக் கொடுக்கிறோம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மிசின் கண்ணாடிபோலத் தெளிந்து திரும்பி வந்தது. ஆனால் ‘தூக்கம்’ கிடக்கிற இடத்தில் அதற்குப் பிறகு வேற்றூர் வள்ளங்கள் நின்றன. இவர்கள் போகும்போதெல்லாம் முன்னாலேயே வந்து நங்கூரம் போட்டிருந்தன.

கொழுந்தன் பெண் எடுத்தது மேற்கே ஒரு கரையில். மாமனார் வீட்டில் நாலு வள்ளம். இவருடைய சந்தேகம் அங்கே போய் நின்றுவிட்டது. மாமனார் வீட்டுக்கு நம்பரைச் சொல்லிவிட்டாயா என்று வாசலில் வைத்தே தம்பியைக் கேட்டார்.

“எனக்கு அந்த நம்பர வாசிக்கவே தெரியாதுண்ணே” என்றான் அவன்.

அது உண்மை. படத்தைப் பார்த்துப் பொத்தான் அமுக்கத்தான் அவனுக்குத் தெரியும். ஆனால் கோபம் வந்தவருக்குக் காது ஏது? வார்த்தை தடித்தது. அவன் மாதாவின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தும் இவர் முகம் திரும்பவில்லை. அந்த மாதமே கொழுந்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கரையின் கிழக்குக் கோடிக்குப் போனான். கடன் வாங்கி ஒரு பழைய வள்ளம் எடுத்தான். மிசின் எங்களிடம் இருந்தது. நீரடித்து நீர் விலகாது என்று ஊரில் சொன்னார்கள். விலகியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொரு கரையாக இதே கதை கேட்கத் தொடங்கியது. மிசினை ரிப்பேருக்குக் கொடுத்தவன் பாரில் அடுத்த வாரம் அந்நியன் நிற்கிறான். மிசினைத் திறந்தால் யாருக்கும் எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எங்கள் ஆட்களுக்கு உறைத்தது. அதிலிருந்து, கடையில் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பது என்று ஆயிற்று. இந்தப் பேச்சை வலைக் கிழிசல் பொத்துகிற கொட்டகையில் கேட்டுவிட்டு வந்த அன்று இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், தின்னவில்லை. தம்பி வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். சட்டையைக்கூட எடுத்து வைத்தேன். போகவில்லை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தப்பென்று தெரிந்த பிறகும் வீம்பு பிடிக்கிற மனுஷனுக்கு மூன்று வேளை சோறு போடுவது பெரிய தவம்.

வருஷங்கள் போயின. மிசினுக்கு வயசாயிற்று. பொத்தான்மேல் இருந்த ரப்பர் வெடித்தபோது சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். பேட்டரி மூடி ஒடிந்தபோது வலைநூலால் கட்டினேன். திரையில் இரண்டு கோடு விழுந்தது, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கலர் திரை வைத்த புது மிசின் வாங்கினார். பழையதைக் கடலில் போட்டுவிடலாம் என்றார். எங்கள் கரையில் அதுதான் வழக்கம், செத்த பேட்டரியிலிருந்து ஒடிந்த எஞ்சின் பங்கா வரை கடல் வாங்கிக்கொள்ளும். நமக்குச் சோறு போடுகிற வாயில் இந்த விஷத்தைப் போடவேண்டாம் என்று நான் கத்தினேன். செத்த பேட்டரிகளை ஏற்கெனவே ஒரு டப்பாவில் சேர்த்து, நாகர்கோவிலில் மகள் படிக்கிற கல்லூரியில் மின்கழிவுக்கென்று வைத்திருந்த பெட்டியில் போட்டுவந்தேன். மிசின் செத்துப்போகவில்லை. வடக்கு எது, வீடு எது என்று அதற்கு இன்னும் தெரிந்தது.

அந்த வாரம் வடசேரிச் சந்தையில் கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்தேன். ஆண்கள் பேசாவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் பேசுவோம். முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். மூட்டமான ஒரு நாளில் அவனுக்குத் திசை தப்பி, எங்கேயோ கிழக்கே போய்க் கரை சேர்ந்திருக்கிறான். பெட்ரோல் தீர்ந்து, துடுப்பைப் போட்டு வந்திருக்கிறான். அதை அவன் வெளியே சொல்லவில்லை. மற்ற வள்ளங்களின் பின்னாலேயே போய்ப் பின்னாலேயே வருகிறான், பின்தங்கினால் போச்சு என்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பழைய மிசினைத் தம்பிக்குக் கொடுப்போம் என்றேன்.

“கரைக்கு வாறதுக்கு வழி வேணும் அவனுக்கு. குடு. மீன் கெடக்க எடம் வேண்டாம், எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடு, ஏட்டி” என்றார்.

புது மிசினில் எல்லாப் பார்களையும் ஏற்றி, சரிபார்த்தபின், பழையதை மடியில் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழிக்கிற வழி அதில் இருந்தது. மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாக அழித்தேன். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று மிசின் ஒவ்வொரு முறையும் கேட்டது. ‘குளிர்’ போயிற்று. ‘கொலுசு’ போயிற்று. ‘தூக்க’த்தை அழித்தபோது நான் அழுதேன். கண்ணால் காணாத ஒரு பாறைக்காக ஒருத்தி அழுவாளா? நான் அழுதேன். எனக்கு அவை பாறை இல்லை, இரண்டு சகோதரர்கள் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மாறி மாறிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள். வள்ளம் போன புள்ளிக் கோடுகளும் மறைந்தபின் திரை நல்ல அமைதியாக, ஒரு பாவமும் அறியாத தண்ணீராக இருந்தது. நடுவில் அந்த வீட்டுப் படம் மட்டும் நின்றது. அதை அழிக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை.

புது பேட்டரி போட்டு, பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிக்கொண்டான். அதன்பிறகு மூட்டமான நாட்களில் அவன் வள்ளம் நேரே வந்து கரையேறுவதை நான் பார்ப்பேன். இவரும் பார்ப்பார், பார்க்காததுபோல் பல் குத்துவார்.

மழைக்காலம் கழிந்து ஒரு ஞாயிறு. மத்தியான மயக்கத்தில் கடல்கூடத் தூங்குகிற மாதிரி இருந்தது. கனவோ என்று நினைத்தேன், வாசலில் கொழுந்தன் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. உறையிலிருந்து மிசினை எடுத்து என் கையில் வைத்தான். கழுவித் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தான். வெறும் தண்ணீராக நான் கொடுத்த திரையில், வீட்டுக்கு வெகு தெற்கே, ஒரு புள்ளி இருந்தது. அவனாகக் கண்டுபிடித்த பார்.

“இதுக்கொரு பேரு போட்டுத் தாங்க மைனி” என்றான். “அண்ணனுக்க மிசின்லயும் இத ஏத்திருங்க.”

உள்ளே பாயில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். தம்பியைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கு மிசினக் கடையில கொண்டு வெச்சது நாந்தாம்லே.”

“தெரியும்ணே.”

“எப்பம் தெரியும்?”

“எல்லாவனும் பேசினப்பமே தெரியும்.”

“பின்ன ஏம்லே வந்து கேக்கல்ல?”

“நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன்” என்றான்.

இவர் உள்ளே போய், அலமாரியிலிருந்து தன் புது மிசினைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். இதில் இருக்கிற எல்லாவற்றையும் தம்பியின் மிசினில் ஏற்று, ஒன்றையும் விடாதே என்றார்.

நான் ஒவ்வொரு நம்பராகப் பார்த்து ஏற்றினேன். ஏற்றிய பெயரை உரக்க வாசித்தேன். ஆளுக்கொரு பக்கம் சுவரில் சாய்ந்திருந்த அண்ணனும் தம்பியும், தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமல், ஒவ்வொரு பெயருக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார்கள்.