பூவாடைக்காரிக்குப் பேர் தேடிய கதை

பதினெட்டு வருஷமாக ஈப்போவில் ஏர்கான் பழுது பார்க்கிறேன். எங்கே சத்தம் கேட்டாலும் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று தேடுகிற புத்தி எனக்கு. யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

என் மனைவி சாந்திக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவதுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தெய்வம் பூவாடைக்காரிக்கு ஏதோ குறை என்று அம்மா பயந்துபோனார். அவள் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மகனைப் பெற்றுப்போட்டுவிட்டு அன்றைக்கே செத்துப்போனவள், எங்கள் வம்சத்து முதல் பெண். வருஷா வருஷம் புதுச் சேலை வைத்துக் கும்பிடுகிறோம், ஆனால் அவள் பேர் ஒருத்தருக்கும் தெரியாது.

"பேரு சொல்லிக் கூப்புடாம சோறு போட்டா எவ வருவா?" என்றார் அம்மா.

சாந்தி அழுவதைப் பார்க்க முடியாமல்தான் தேடப் போனேன். தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அங்கே கிராணியாக, அதாவது ஆள் கணக்கு எழுதுபவராக, இருந்தவரின் பேரன் வீட்டில் பழைய பெரட்டுப் புத்தகம் கிடந்தது. பெரட்டு என்றால், விடியலில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது.

"எடுத்துப் பாருங்கண்ணே, எலிதான் படிச்சிக்கிட்டு இருக்கு லா," என்றார் அவர்.

அவள் மகன் பிறந்த வருஷத்துப் பக்கத்தில் பெண்கள் பதினோரு பேர். யார் எங்களவள் என்று தெரியவில்லை. கைப்பேசியில் படம் பிடித்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், ஈப்போ சிலிபின் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் படையல்.

"எல்லாப் பேரையும் படிச்சிருய்யா. அவளே சொல்லட்டும்," என்றார் அம்மா. பல்லி கில்லி கத்தும் என்று நினைத்திருப்பார். எனக்கோ எரிச்சல். வேண்டுமென்றே கிராணி மாதிரி அதட்டி, "முனியம்மா!" என்றேன்.

"இருக்கேங்கய்யா."

வீட்டுக்குப் பின்பக்கம், துணி துவைக்கும் மெஷின் இருக்கும் இடத்திலிருந்து. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டு அடுத்த பேரைப் படித்தேன். அதே பதில், வேறு குரல், இருமலோடு. அம்மா முகம் வெளுத்துவிட்டது. இளவயதில் அவரும் பெரட்டில் நின்றவர்.

"பாதியில நிப்பாட்டாதய்யா," என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நிறுத்தாமல் படித்தேன், ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்தது, அதில் ஒன்று சின்னப் பெண், பத்து வயதுகூட இருக்காது, அதைக் கேட்டு அழுதுவிட்டேன். நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு சேலை.

பதினோரு பேரும் முடிந்து கைப்பேசியைக் கீழே வைத்தேன். யாரையும் நான் கூப்பிடவில்லை. அப்போதுதான், சாந்தி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, மிக மெதுவாக,

"நானும் இருக்கேங்கய்யா."

சாந்தியின் உதடு அசையவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கம் ஓடிப் பார்த்தேன், கதவு உள்ளே பூட்டியபடி இருந்தது. எங்களவள் பேர் அந்தப் புத்தகத்தில் ஏறவே இல்லை என்று அம்மா அழுதார்.

பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது ஒன்றரை வயது. பறவை கத்தினால் திரும்புகிறாள், கதவு திறந்தால் திரும்புகிறாள். நாங்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும், இன்றுவரை ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.