காணாமல் போன மயில்

நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் இன்று ஒரு கூத்து.

லினக்ஸில் யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி, ஒரு திறமூலத் தேடல் சர்வரை நான் பொதியாக, அதாவது பேக்கேஜாக, கட்டிவருவது உங்களுக்குத் தெரியும். திருத்திய பொதியை இன்று மாலைக்குள் அனுப்பினால்தான் லினக்ஸின் அடுத்த வெளியீட்டில் சேரும். அனுப்புமுன் அச்சகக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். பழைய லேபிள்களை அதில்தான் தேடுவோம். ஒருவர் படத்தை இன்னொருவர் போட்டால் இங்கே பெரிய சண்டையாகிவிடும்.

காலையில் ஒரு தீப்பெட்டி முதலாளி மயில் படம் கேட்டு வந்தார். எங்கள் அச்சகத்தை நடத்தும் அண்ணாச்சி தேடிப் பார்த்துவிட்டு, "மயிலு யாருகிட்டயும் இல்ல, அடிச்சிருவோம்" என்றார்.

வந்தவர் நம்பவில்லை. "என்ன வே சொல்லுதீரு? இந்த ஊருல மயில விட்டு வச்சிருப்பாவளா?"

எனக்குச் சுருக்கென்றது. கிளி என்று தேடினேன், இல்லை. யானையும் இல்லை.

"ஏம்மா, யானையுமா போச்சு?" என்றார் அண்ணாச்சி.

லேபிள்கள் பத்திரமாக இருந்தன. என் பொதி ஏறும்போது, எந்தப் படம் எந்த லேபிளில் என்று காட்டும் பழைய தேடல் அட்டவணையை அழித்திருந்தது. நான் எழுதிய ஒரு வரிதான் காரணம். அப்படியே போயிருந்தால், எந்தெந்த நாட்டிலோ யார் யாருடைய யானைகளோ தொலைந்திருக்கும்.

வரியைத் திருத்தி, அட்டவணையை மறுபடி உருவாக்கினேன். மயில் ஏற்கனவே மூன்று பேரிடம் இருந்தது. மாலையில் பிரவுசிங் சென்டர் போய்ப் பொதியை அனுப்பிவிட்டேன்.

தீப்பெட்டி முதலாளி மட்டும் படம் இல்லாமல் திரும்பினார். இதுவரை யாரும் தீப்பெட்டியில் போடாத பறவை தெரிந்தால் சொல்லுங்கள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன், இப்போது நம்பலாம்.